எட்டு மின்னஞ்சலும் ஒரு கையெழுத்தும்

சத்தியமாகச் சொல்கிறேன், பிரேமினி இல்லையென்றால் மலேசியாவில் இருக்கும் எங்கள் போர்ட் கிள்ளான் கிடங்கை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பார்கள். மேலாளர் ராதாகிருஷ்ணன் நானே சொல்கிறேன்.

லோரியில் சாமான் ஏற்றும் சதீஷ்குமாருக்கு அக்கா மகளின் காதுகுத்து, வெள்ளிக்கிழமை, தஞ்சாவூரில். ஒரே தாய்மாமன் அவன். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறான். புதன் இரவு விமானம். பாஸ்போர்ட்டோ வேலை பெர்மிட் புதுப்பிக்கப் போய் ஏஜெண்டிடம் கிடந்தது.

“அண்ணே, கெடச்சிருமாண்ணே?” என்று தினமும் கேட்பான். ஏஜெண்ட் மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ‘ப்ளீஸ் எக்ஸ்பெடைட்’ என்று எட்டு மின்னஞ்சல் தட்டிவிட்டேன். சீக்கிரம் முடி என்பதை இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது?

புதன் காலை பிரேமினி என் திரையை எட்டிப் பார்த்தாள். எங்கள் அலுவலகக் குமாஸ்தா. சாப்பாட்டு நேரத்திலும் அகராதி படிக்கிறவள்.

“பாஸ், எக்ஸ்பெடைட்னா லத்தீன்ல என்ன தெரியுமா? கால்ல மாட்டுன விலங்கக் கழட்டி விடுறது. நீங்க எட்டு தடவ ஓடு ஓடுன்னு கத்திட்டீங்க. கால் எங்க கட்டியிருக்குன்னு பாத்தீங்களா?”

“பாடம் எடுக்காத லா!” என்று சீறினேன்.

அவள் ஏஜெண்டைப் போனில் பிடித்து ஒரே கேள்வி கேட்டாள்: “உங்களுக்கு எது வராம நிக்குது?”

பெர்மிட் போன வாரமே வந்துவிட்டதாம். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர எங்கள் கம்பெனி கையெழுத்துப் போட்ட கடிதம்தான் வரவில்லையாம்.

பிரேமினி நேராக என் மேசைக்கு வந்து, காகிதக் குவியலின் அடியிலிருந்து அந்தக் கடிதத்தை உருவினாள். பத்து நாளாக என் கையெழுத்துக்காகக் கிடந்திருக்கிறது. எனக்கு முகம் செத்துப்போனது.

வாசலில் சதீஷ் நின்றிருந்தான். அவள் என்னிடம் பேனாவை நீட்டியபடி அவனிடம் சொன்னாள்: “ஒரு பேப்பர் மாட்டிக்கிச்சு தம்பி. பாஸ் கண்டுபுடிச்சிட்டாரு.”

அடடா, என்ன மனுஷி!

கடிதத்தோடு பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஏஜெண்ட் ஆபீசுக்குப் போனவள், நாலு மணிக்குப் பாஸ்போர்ட்டோடு வந்தாள். சதீஷ் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “உங்களாலதாண்ணே!” என்று என் காலில் விழக் குனிந்தான். தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

“வேணாம்டா. அந்தப் பேப்பர் என் மேசையிலதான் கெடந்துச்சு. ஒன்னக் கட்டிப் போட்டதே நான்தான். அவிழ்த்து விட்டது அந்தக்கா.”

வெள்ளிக்கிழமை படம் வந்தது. அவன் மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது, அவனும் அழுகிறான். என் போனுக்கு வரவில்லை, பிரேமினிக்குத்தான் வந்தது. நியாயம்தானே.