வரப்போரத் தகடு

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை காலை, திருத்தணி வட்டத்தில் கனகம்மாசத்திரத்துக்கு மேற்கே ஒரு நிலக்கடலைக் கொல்லையில், வரப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் செம்புத் தகடு ஒன்று தென்பட்டது.

கண்டவன் பரணிதரன். பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறவன். தறி ஓடாத நாட்களில் மெட்டல் டிடெக்டரை வண்டியில் கட்டிக்கொண்டு போய், கழனியிலும் கொல்லையிலும் பெண்கள் தொலைத்த தாலிக்குண்டு, கம்மல், கொலுசு இவற்றைத் தேடிக் கொடுப்பான். இடிந்த மண்டபத்துப் பக்கம் வா, கிடைப்பதில் பங்கு என்று கூப்பிட்டவர்கள் உண்டு, அவன் போனதில்லை. தொலைந்த பொருளைத் தவிர வேறு பழம்பொருள் எது தட்டுப்பட்டாலும் தோண்டுவதை நிறுத்திவிட வேண்டும், அதை அசைக்கக் கூடாது, கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அவன் தனக்கே வைத்துக்கொண்ட ஒழுங்கு. பழைய பொருள் தான் கிடந்த இடத்தோடு சேர்ந்துதான் பேசும். பிடுங்கிவிட்டால் எடைக்குப் போடுகிற உலோகம்தான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

அன்று தேடியது அனுசுயாவின் கம்மலை. கடலைச் செடி பிடுங்கும்போது விழுந்தது. அவளும் கணவன் சடகோபனும் பின்னாலேயே நடந்து வந்தார்கள். முதலில் ஒரு பாட்டில் மூடி, அப்புறம் டிராக்டர் கலப்பையின் போல்ட் ஒன்று. வரப்போரம் போனதும் மிஷின் விடாமல் கத்தியது. பரணிதரன் களைக்கொத்தால் மண்ணைப் பதமாக ஒதுக்கினான். பச்சை பூத்த ஒரு விளிம்பு தெரிந்தது. உடனே கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னா தம்பி, கெடச்சுதா?" என்று குனிந்த அனுசுயா, அப்படியே பின்னால் போய் மண்ணில் உட்கார்ந்தாள். "ஐயோ, தகடு! யோவ், தகடு வெச்சிகிறான்யா!"

ஒரு குடும்பத்தைக் கெடுக்க நினைக்கிறவன் செம்புத் தகட்டில் செய்வினை எழுதி வாங்கி அவர்கள் நிலத்தில் புதைப்பான் என்பது அந்தப் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத விஷயம். யார் வைத்தது என்பதையும் இங்கே யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் சடகோபனின் தம்பி ஸ்ரீதர் கொல்லை. இந்த வரப்பு யாருடையது என்று திருத்தணி கோர்ட்டில் வழக்கு நடந்தது. போன ஐப்பசியில் சடகோபனின் ஒரே மகன் வளவன் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்தான். அந்தக் கொட்டகை ஒயரைப் பாலிதீன் பை கிழித்து ஒட்டுப்போட்டது சடகோபன்தான் என்பதை, வரும் வழியில் டீக்கடையிலேயே பரணிதரனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சடகோபன் கத்தவில்லை. பெயர்கூடச் சொல்லவில்லை. மெதுவாக நடந்துபோய் கடலைக் குவியலில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அவன் திட்டியிருந்தால் பரணிதரனுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"அண்ணா, இது அது இல்லண்ணா. செய்வினைத் தகடு காயிதம் மாதிரி மெலிசா இருக்கும், சுருட்டி வெப்பாங்க. இது பாருங்க, எவ்ளோ தடி. பழசுண்ணா."

"உனுக்கு எப்டித் தெரியும்? கூட நின்னு வெச்சியா?"

எழுத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துப் பரணிதரன் தன் பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். அதுதான் தப்பாகப் போயிற்று. மண் கரைய, வரிசை வரிசையாக எழுத்து எழும்பி வந்தது. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. மூவரில் யாராலும் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டாள். "மந்திரம்," என்றாள் விரல்களுக்குள்.

கிராம நிர்வாக அலுவலர் புஷ்பலதாவுக்குப் போன் போட்டான். அவள் திருத்தணி மலைமேல் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். மேளச் சத்தத்துக்குள் அவள் குரல் வந்து வந்து போயிற்று. "எடுக்காத தம்பி. மூடி வெச்சிட்டு அங்கியே இரு. தோ, கெளம்பிட்டேன்." கடலைக் குவியல் பக்கம் கிடந்த இரும்புச் சட்டியை எடுத்து அவன் குழிமேல் கவிழ்த்தான். அதே நேரம் வண்டிப்பாதையில் ஸ்ரீதரின் பைக் திரும்பியது.

சட்டிக்குக் கீழே கைவிட்டுத் தகட்டை உருவி, கொல்லை நடுவே கிடைத்தது என்று புஷ்பலதாவிடம் சொல்லிவிட்டால் என்ன என்று பரணிதரனுக்கு ஒரு நினைப்பு ஓடியது. இடம் பொய்யாகும், அது கிடந்த கிடை என்றைக்கும் யாருக்கும் தெரியாமல் போகும். ஆனால் வரப்போரம் என்கிற சாட்சி அழியும், ஸ்ரீதர் பிழைப்பான். விரல்கள் சட்டியின் விளிம்புவரை போய்விட்டன. சடகோபன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எடுத்தால் அவன் கண்ணில் தானும் ஸ்ரீதரின் கூட்டாளி ஆகிவிடுவோம் என்று புரிந்தது. வேறு வழி தெரியாமல் சட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஸ்ரீதர் வரப்பில் வண்டியை நிறுத்தினான். அண்ணனைப் பார்க்காமல் பரணிதரனைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாப்பா, பொதையலா? வரப்புல கெடச்சா எனுக்கும் பாதி வரணுமே."

மண்வெட்டி சடகோபனின் தோளுக்குமேல் போனது.

"அண்ணா!" பரணிதரன் உட்கார்ந்தபடியே அலறினான். "இவுரு பொறக்கறதுக்கு முன்ன வெச்சதுண்ணா! உங்க தாத்தனுக்குத் தாத்தன் பொறக்கறதுக்கு முன்ன வெச்சது! சத்தியமா!"

சத்தியம் செய்யும் அளவுக்கு அவனுக்கே உறுதியில்லை. உள்ளுக்குள், கைபட்ட இடத்தைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

ஸ்ரீதரின் முகத்தில் சிரிப்பு அணைய நேரம் பிடித்தது. ஓடவும் இல்லை. அண்ணனின் ஓங்கிய கையை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். அனுசுயாதான் பேசினாள், பரணிதரனிடம், ரொம்பச் சாதாரணமான குரலில்.

"பழசுன்ற. ஆங், சரி. அப்போ எம்புள்ள எதுனால செத்தான்?"

எங்கோ சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு லாரி கியர் மாற்றி ஏறியது. பரணிதரன் அவள் காலைப் பார்த்தான். ஈர மண் அப்பிய விரல்கள். டீக்கடையில் கேட்டது தொண்டைவரை வந்தது. சொன்னால் மண்வெட்டி எங்கே இறங்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. "எனுக்குத் தெரியாதுங்கம்மா," என்றான்.

"அண்ணி," என்று ஆரம்பித்தான் ஸ்ரீதர். "அன்னிக்கி அந்த ஒயரு..."

மண்வெட்டி இறங்கியது. பரணிதரன் கண்ணை மூடிக்கொண்டான். மண் தெறித்து முகத்தில் விழுந்தது. திறந்து பார்த்தபோது இரும்பு அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் தரைக்குள் காம்புவரை புதைந்திருந்தது. சடகோபன் அதைப் பிடுங்கவில்லை. பிடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்து, அப்படியே நின்றான். "அவன இங்கேந்து போவச் சொல்லு," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. ஸ்ரீதர் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே போனான்.

புஷ்பலதா பட்டுப்புடவையோடு வந்து இறங்கினாள். சட்டியை விலக்கிச் செல்போனில் படம் எடுத்தாள். வரப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பரணிதரன் சடகோபனின் முதுகைப் பார்த்தான். பிறகு உள்ளதைச் சொன்னான்.

தகடு அன்று மாலையே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனது. அடுத்த மாதம் தொல்லியல் துறையிலிருந்து வந்து பார்த்தவர்கள் அது பல நூறு வருஷத்துக்கு முந்தைய நிலக்கொடைத் தகடு என்றார்கள். சடகோபன் அதை நம்பவில்லை. அதற்குள் ஸ்ரீதர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மனைவியின் ஊரான நகரிக்குக் குடிபோய்விட்டிருந்தான். அவன் பிடுங்காமல் விட்ட கடலை, மழைக்கு மண்ணுக்குள்ளேயே முளைத்தது.