இப்படி வரையக் கூடாது

தெய்வசிகாமணியை அவன் மனைவி குணசுந்தரி ஒரு ஆட்டோவில் கொண்டுவந்து, கோட்டைக்குப்பத்தில் அவன் தங்கச்சி ஜமுனா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். வலது கையும் காலும் விழுந்து நாலு மாசம் ஆகியிருந்தது. தன்னால் இனிமேல் தூக்கி எடுக்க முடியாது, கூடப்பிறந்தவள் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். ஆட்டோக்காரரை எஞ்சினை அணைக்கக்கூட விடவில்லை.

ஜமுனாவின் புருஷன் அங்கமுத்து ஏரியில் இறால் பிடிக்கிறவன். மச்சானைக் கட்டிலில் படுக்க வைத்ததும் அவன் செய்த முதல் வேலை, சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகியதுதான். தெய்வசிகாமணியின் வாய் வலது கன்னத்தோடு தொங்கிப் போயிருந்தது. குணசுந்தரியும் அவனுக்குக் கண்ணாடி காட்டவில்லையாம். அந்த ஒரு இரக்கம் அவளுக்கும் இருந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டர் அவன். கையால் வட்டம் போட்டால் வளையல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். ஜமுனாவும் பதினாலு வயசு வரைக்கும் வரைந்துகொண்டிருந்தவள்தான். ஒரு நாள் மீன் ஏலம் போடுகிற இடத்தில் அவளுடைய நோட்டைப் பிரித்து, அண்ணன் பக்கம் பக்கமாக எல்லோருக்கும் காட்டினான். இது கூழைக்கடாப் பறவையா, உடைந்த நாற்காலியா என்று கேட்டான். குப்பமே சிரித்தது. அன்றோடு பென்சிலை விட்டவள், கோலம் போடக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். தானே போட்டால், புள்ளி ஒன்று தள்ளிப்போனாலும் மொத்தத்தையும் தண்ணீர் ஊற்றி அழித்துவிடுகிற புத்தி வந்துவிட்டது. அந்த நோட்டு சுனாமியில் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

வந்த மூன்றாம் நாள் லுங்கி எடுக்க அண்ணனின் பையைத் திறந்தாள். அடியில் அந்த நோட்டு இருந்தது. காக்கி அட்டை போட்டு, மேலே அவனுடைய முத்து முத்தான எழுத்தில் ‘இப்படி வரையக் கூடாது’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒவ்வொரு படத்திலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்திலேயே கேலியாக ஒரு வரி. ஓரங்கள் ஆயிரம் விரல் பட்டுக் கறுத்திருந்தன.

“இன்னாண்ணா இது?”

அவனுக்கு நாக்கு குழறியது. ஆனாலும் தயக்கம் இல்லாமல் சொன்னான். “கிளாசுல காட்டுவேன். பசங்க சிரிப்பாங்க. சிரிச்சாதான் மனசுல நிக்கும்.” அப்புறம் கஞ்சி கேட்டான்.

ஊட்டிவிட்டாள். வாய் துடைத்துவிட்டாள். அவன் தூங்கினதும் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். கூழைக்கடா நிஜமாகவே நாற்காலி மாதிரிதான் இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தில் அம்மா மீன் கூடையோடு நின்றாள். இடது தோள் கீழே இறங்கியிருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘தோள்கள் சமமாக இருக்க வேண்டும், இது மனுஷியா, தராசா?’ என்று எழுதியிருந்தான். முப்பது வருஷம் கூடை சுமந்த அம்மாவுக்குத் தோள் அப்படித்தான் இறங்கியிருந்தது. அதே அம்மா வயிற்றில் பிறந்தவன் அதைப் பார்க்கவே இல்லை. அந்தப் படத்தை விட்டு ஜமுனா வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. மற்றதெல்லாம் மோசமான படங்கள்தான். அந்தத் தோள் மட்டும் சரியாக இருந்தது.

மறுநாள், தான் வேலை செய்கிற இறால் உரிக்கிற கொட்டகையிலிருந்து பழைய பில் தாள்களை அள்ளிக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, பேனாவால் அண்ணனை வரைய ஆரம்பித்தாள். முதல் தாளில் தலை பூசணிக்காய் ஆனது. கசக்கப் போன கையை நிறுத்தி, அதன்மேலேயே மூக்கு, கண், வாய் எல்லாம் போட்டு முடித்தாள். சோற்றுப் பருக்கை தடவி, அவன் பார்வை விழுகிற சுவரில் ஒட்டினாள். கழுத்தைத் திருப்ப முடியாதவன் வேறு எங்கே பார்ப்பான்?

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பழைய மாஸ்டர் குரல் வந்துவிட்டது. “வாய் கோணல்.”

“கோணலாத்தான் இருக்குது.”

அவனுக்குப் புரியவில்லை. திரும்பவும், வாய் தப்பு, சரிசெய் என்றான். ஜமுனா எழுந்து போய் பீரோவுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை எடுத்து வந்தாள். அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் கண்ணை மூடும் வரைக்கும் இறக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் ஒரு படத்தையும் திருத்தவில்லை. இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. அங்கமுத்து மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, படுத்துக் கிடக்கிறவனைப் போட்டு இப்படி வதைக்கிறாயே, உனக்கே நல்லாயிருக்கா என்று கேட்டான். நல்லாயிருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அண்ணனின் பீத்துணியைக் கசக்கிப் பிழிந்தாள், புண்ணுக்கு மருந்து வைத்தாள், பிறகு பேனாவை எடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு படம். எதையும் அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. காது கன்னத்தில் முளைத்தால் அது அங்கேயே இருந்தது. சுவர் நிறைந்தது. முப்பதாவது படத்துக்கு மேல் கை தானாகப் போக ஆரம்பித்தது. அண்ணன் இல்லாத இடத்திலும் வரைந்தாள்: வலை பிரிக்கிறவர்கள், படகு நிழலில் படுத்த நாய். கொட்டகைப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் தெய்வசிகாமணி இடது கையை நீட்டினான். பேனா கேட்கிறான் என்று புரிய நேரம் பிடித்தது. அட்டையில் தாளை வைத்துக் கொடுத்தாள். ஒரு கோடு போட்டான். அது நடுங்கி, வளைந்து, தாளின் விளிம்பில் போய் விழுந்தது.

“அழிக்க... ரப்பர்,” என்றான்.

“பேனாவுக்கு இன்னாண்ணா ரப்பர். அப்படியே போடு.”

அவன் தாளைப் பார்த்தபடி இருந்தான். எச்சில் வழிந்து மை கரைந்தது. இன்னொரு கோடு போடச் சொல்லி அவளே அவன் கையைப் பிடித்துப் பேனாவைத் திணித்தாள். அவன் பேனாவைக் கீழே விட்டு, விரல்களை இறுக மூடிக்கொண்டான். அந்த ஒரு சமயம் அவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. நிஜமாகவே அவன் போடட்டும் என்று விரும்பினாள். அவன் போடவில்லை.

கார்த்திகை மழையில் சளி கட்டி, மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தான். குணசுந்தரி பட்டுப்புடவையில் வந்தாள். சுவரைப் பார்த்ததும் முகம் சுளித்து, ஜனங்கள் வருகிற இடம், இதையெல்லாம் கிழித்துப் போடு என்றாள். ஜமுனா ஒன்றையும் கிழிக்கவில்லை. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பொய் அழுகை இல்லை. பிறகு மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்து, மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். குணசுந்தரி கால்மாட்டில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளைத்தான் வரைந்தாள். படத்தில் ஒரு கைக்கு விரல்கள் ஆறாகிவிட்டன. ஜமுனா அதை அப்படியே விட்டுவிட்டு, புடவைக் கரையை வரையப் போனாள்.