இடுகாட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை

அறுபத்து மூன்று ரூபாய் ஐம்பது பைசா. கோபாலகிருஷ்ணன் வாத்தியாருக்கு நான் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். குவாரியில் கல் உருண்டு என் கால் நசுங்கியபோது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிப் போய், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அவர் கைக்காசு போட்டுச் செலவழித்தது. கால் ஆறியதும் தருவதாகச் சொன்னேன். கால் ஆறியது. நான் தரவில்லை. ஆடி அமாவாசையன்று கடலில் முழுகப் போனவரை அலை இழுத்துக்கொண்டது. மறுநாள் உடம்பு கரை ஒதுங்கியது. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் இடுகாட்டில் புதைத்தோம்.

குழிக்கு மண் தள்ளும்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்று. ராத்திரிப் பள்ளியில் என் விரலைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து நான் தோப்புப் பக்கம் போவதில்லை. குவாரியிலிருந்து தோப்பு வழியாக வந்தால் கால் மணியில் வீடு. நான் ரோட்டைச் சுற்றி முக்கால் மணி நடந்தேன். கேட்டவர்களிடம் மணலில் கால் வலிக்கிறது என்றேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் மகள் ரத்னா வீட்டில் இல்லை. ஐந்தாவது படிக்கிறவள்.

"பாப்பா எங்க?"

"வாத்தியார் குழிக்குப் போயிருக்குது" என்றாள் என் பெண்சாதி கன்னியம்மா, மீனை அலசிக்கொண்டே. "அந்த வெள்ளைக்காரம்மா எல்லாப் புள்ளைங்களையும் இட்டுகினு போயிருக்கு."

அவள் சொன்னது லூப்பே என்ற பெண்ணை. மெக்சிகோ தேசத்தில் பள்ளிக்கூட டீச்சராம். மாமல்லபுரத்துச் சிற்பங்களை வரைய வந்து இரண்டு மாசமாக வாடகை அறையில் தங்கியிருந்தது. வியாழக்கிழமைதோறும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லித் தரும்.

"குழிக்கு இன்னாத்துக்கு?"

"வாத்தியாரக் கூப்ட்டுகினு வர்றதுக்காம். அவங்க ஊர்ல இன்னிக்கி செத்தவங்க வர்ற நாளாம்."

கூலிக் காசு கையிலிருந்து கீழே விழுந்தது.

"எத்தினியோ பேர் செத்தாங்க. இந்த வாத்தியாருக்கு மட்டும் நீ ஏன்யா இப்பிடி நடுங்கற?" என்றாள் கன்னியம்மா. "பேயி வந்தா உன்னயா தூக்கினு போவப் போவுது? ஒரு வேள சோறு போட்டுப் பாத்துட்டு அதுவே திருப்பி வுட்டுடும்."

நான் காசைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டு ஓடினேன். எங்கள் பக்கத்தில் செத்தவரை அனுப்பத்தான் தெரியும். துக்க வீட்டில் கிளம்பும்போது வருகிறேன் என்றுகூடச் சொல்லமாட்டோம். அதிலும் தண்ணீரில் செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா.

தெருமுனையில் பூவைப் பார்த்தேன். துலுக்கச் சாமந்தியைப் பிய்த்து, மஞ்சளும் ஆரஞ்சுமாக வழி நெடுகப் போட்டிருந்தார்கள். பிணம் போகிற வழியில் நாங்கள் பூப் போடுவோம். ஊரிலிருந்து இடுகாட்டுக்குப் போடுவோம். இவர்கள் இடுகாட்டில் ஆரம்பித்து ஊருக்குள் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பூ என் வீட்டு வாசலுக்குப் பத்தடியில் போகும்.

பிள்ளைகள் இருபது பேர் இருப்பார்கள். கூடையோடு முன்னால் வந்தவள் ரத்னா. பூவை உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், "வாங்க சார், இப்டி வாங்க சார்" என்றாள். கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் லூப்பே வந்தது. இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம் காலியாக விட்டிருந்தார்கள்.

அந்தக் காலி இடத்தை நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, துண்டை உருவி, வழியிலிருந்த பூவை ஓரத்துக்குத் தள்ளினேன். வழி அறுந்தால் அவர் நின்றுவிடுவார் என்று பட்டது.

"நைனா, அழிக்காத" என்று ரத்னா என் கையைப் பிடித்தாள். "சாரு வழி தெரியாம நடுவுல நின்னுடுவாரு."

"நிக்கட்டும். நீ வூட்டுக்கு வா."

"நாங்க அவருக்குத் தேங்க்ஸே சொல்லல நைனா. லூப்பம்மா கேட்டாங்க, உங்க சாருக்கு எப்ப சொன்னீங்கன்னு. ஒருத்தருமே சொல்லல."

நானும் சொன்னதில்லை. அவள் பூவை மறுபடி வழியில் இழுத்து விட்டாள். நான் தடுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் நடந்தேன். பின்னால் நடக்க எனக்குத் தைரியமில்லை. யாரோ என் தோளில் கை வைப்பார் என்று பள்ளிக்கூடம் வரை காத்துக்கொண்டே போனேன்.

பள்ளியில் பெஞ்சின்மேல் வாத்தியார் படம், மெழுகுவத்தி, வேகவைத்த வேர்க்கடலை, கொய்யாப்பழம், அவருடைய டம்ளரில் காப்பி. வாத்தியார் சம்சாரம் வச்சலா அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படத்தின் முன்னால் போய் நின்றார்கள்.

"ஏழாம் வாய்ப்பாடு வந்துடுச்சி சார். தேங்க்ஸ் சார்."

"காது குத்தின அன்னிக்கி என்ன அடிக்காம வுட்டதுக்குத் தேங்க்ஸ் சார்."

"என்ன அடிச்சீங்க. ஆனாலும் தேங்க்ஸ் சார்."

வச்சலா அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு வாத்தியாரான சதாசிவம் சுவரோரம் நின்றிருந்தார். லூப்பேயோடு இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சார், செத்தவங்க வந்து இன்னா பண்ணுவாங்கன்னு அந்தம்மாவக் கேளுங்க."

கேட்டுச் சொன்னார். "சாப்பிடுவாங்களாம். புள்ளைங்களப் பாப்பாங்களாம். அப்பறம் போயிடுவாங்களாம்."

"பாக்கி கீக்கி எதனா கேப்பாங்களா?"

சதாசிவம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கேட்டார். லூப்பே சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசியது.

"அவங்க அப்பா ரொட்டிக் கடையில கடன் வெச்சிட்டு செத்துட்டாராம். செத்தவரை யாரு கேக்கறது, கடைக்காரன் அம்மாவைத்தான் கேட்டானாம். மூணு வருஷம் கட்டினாங்களாம். செத்தவங்க இதுக்கெல்லாம் வரமாட்டாங்கன்னு சொல்றாங்க. ஏன் கண்ணாயிரம், என்ன விஷயம்?"

அவர் வரமாட்டார் என்றால் இத்தனை நாள் நான் பயந்தது யாருக்கு? வச்சலா அம்மாவைப் பார்த்தேன். இனி நடந்துபோய்ச் சொல்ல வேண்டியது நான்தான். அதற்கு அந்தப் பேயே வந்திருக்கலாம்.

பிள்ளைகள் கடலைக்குப் பாயும்வரை காத்திருந்து, வச்சலா அம்மா எதிரில் போய் நின்றேன்.

"அம்மா, சாருக்கு நான் ஒரு பாக்கி..."

"அறுபத்து மூணரை" என்றார். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டார். நீங்களா வருவீங்களான்னு பாத்துகிட்டிருந்தேன்."

மடியில் செருகிய காசைத் தொட்டுப் பார்த்தேன்.

"வேணாம்னு சொல்ல எனக்கும் ஆசைதான். பென்ஷன் காகிதம் இன்னும் வரலை. மளிகைக்காரர் வாசல்ல நிக்கறார்."

மடியிலிருந்த வாரக்கூலி இருபத்து நாலில் இருபதை அங்கேயே கொடுத்தேன். கன்னியம்மா அன்றிரவு என்னிடம் பேசவில்லை. மறுநாள் பேசினாள், நிறையவே. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்கோ ஐந்தோ கொண்டுபோய்க் கொடுத்தேன். சில வாரம் அதுவும் முடியவில்லை.

தை மாசம் வச்சலா அம்மா வந்தவாசிக்கு, தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். லாரி வந்து நின்றபோது எட்டு ரூபாய் பாக்கி இருந்தது. என்னிடம் இரண்டுதான் இருந்தது.

"சாமானெல்லாம் ஏத்த எட்டு ரூபா கேக்கறாங்க" என்றார். "நீங்க ஏத்திக் குடுங்க."

பீரோவின் கீழ்ப்பக்கத்தைக் கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். "மெதுவா, என் காலயும் நசுக்கிடாத" என்றாள். கட்டில், பாத்திர மூட்டை, புத்தகப் பெட்டி எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டினேன். வச்சலா அம்மா கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஆடவில்லை.

"சரி. தீர்ந்தது" என்று சொல்லிவிட்டு லாரியில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.