அதிய்யாத்தின் கையில் நூற்றிருபத்தெட்டு

எங்கள் ஃபியட் நூற்றிருபத்தெட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தவள் என் மனைவி அதிய்யாத்தான். இருபத்தாறு வருஷமாக அந்த வண்டிக்கும் அவளுக்கும் சக்களத்திச் சண்டை.

"உனக்கு முட்டி போச்சு, அதுக்கு ரேடியேட்டர் போச்சு. ரெண்டு நோயாளிய நான் ஒருத்தி எப்படிப் பாத்துக்குவேன்? ஒண்ண அனுப்பு" என்றாள்.

எந்த ஒன்றை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாங்க வரும் ஜைன்ஹும் என்கிற ஆள் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி பாகமாக விற்கிறவன். வாங்கின அன்று சாயங்காலத்துக்குள் கதவு ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். வண்டி வாங்கிய அன்று ஆடு அறுக்க வக்கில்லாமல் ஒரு வாத்தை அறுத்தோம். கண்படாமல் இருக்க, அந்த ரத்தத்தில் கை நனைத்து பானெட்டில் பதித்தவளும் இதே அதிய்யாத்தான். தடம் எப்போதோ அழிந்துவிட்டது. ஆனாலும் எனக்கு ஐந்து விரலும் தெரியும்.

அவன் வண்டியை எடுக்க வருவதாகச் சொன்ன அன்றைக்கு கெய்ரோவின் முகத்தம் மேட்டில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் எனக்குப் பூச்சு வேலை; அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். லாரி மேலே ஏற மறுத்ததால் மணலைக் கீழே தெரு வளைவில் கொட்டியிருந்தோம். மூன்று நாளாக அந்த வளைவுக்காரர்கள் எங்களைத் திட்டாத திட்டில்லை. தெருவில் வண்டி நிறுத்த இடமும் இல்லை. அதனால் இரண்டாவது வரிசையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுவிட்டு வந்தேன். உள் வரிசையில் மாட்டிக்கொண்டவன் நம் வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போகலாம். கெய்ரோவில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் நான் இருக்கிற ஷுப்ரா தட்டையான பூமி, முகத்தம் மலை. சமமாகத் தெரிந்த அந்த இடத்துக்கு நாலடி தள்ளி இறக்கம் தொடங்குகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பத்து மணிக்கு அதிய்யாத் ரொட்டியும் அவித்த மொச்சையும் கொண்டு வந்தாள். என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணாடியில தொங்குற தஸ்பீஹ் மணிமாலைய எடுத்துக்கறேன். விட்டா அந்தாளு அதையும் வித்துருவான்."

கொஞ்ச நேரத்தில் வண்டி ரேடியோ பாடியது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் இருக்கையில், இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு நாளும் உட்காராத என் இருக்கையில் உட்கார்ந்து, முக்காட்டு நுனியால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே விழுந்த எதையோ எடுக்கக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து வந்தான் ஜைன்ஹும். தன் வண்டியை நிறுத்த இடம் வேண்டுமே! உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் பின்பக்கம் கைவைத்து ஒரே தள்ளு.

"தள்ளாதடா!" என்று நான் கத்தியபோது நூற்றிருபத்தெட்டு கிளம்பிவிட்டது.

"அதிய்யாத்! பிரேக்! நடுவுல இருக்கறது!"

ஜன்னல் வழியே அவள் தலை வெளியே வந்தது. "எதுக்கு நடுவுல?"

கையில் பூச்சுக் கரணையோடு படியில் பாய்ந்தேன். முட்டி வலி எங்கே போனதோ, மூன்று மாடியை மூன்று மூச்சில் இறங்கினேன். தெருவுக்கு வந்தால் வண்டி அரைத் தெருவைத் தாண்டிவிட்டது. தலையில் ரொட்டித் தட்டோடு சைக்கிளில் வந்தவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் நெஞ்சு ஹார்னில் மோத, பீப், பீ பீப் என்று கல்யாண ஊர்வலம் மாதிரியே சத்தம். மாடியில் துணி காயப்போட்ட இரண்டு பெண்கள் குலவையிட்டார்கள்!

கீழே பெரிய ரோடு. பஸ்கள் பறக்கிற ரோடு.

அப்போதுதான் அவள் குரல் கேட்டது. வருஷக்கணக்காகப் பக்கத்து இருக்கையிலிருந்து என்னிடம் கத்திய அதே கத்தல், இப்போது தனக்கே.

"திருப்பு! திருப்புடி குருடி!"

திருப்பினாள். வண்டி எங்கள் மணல் குவியலுக்குள் மூக்கைப் புதைத்து நின்றது. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்தேன். முக்காடெல்லாம் மணல். கண் இரண்டும் ஜொலித்தன.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு நாளாவது நீ இப்படித் திருப்பியிருக்கியா?"

மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் ஜைன்ஹும். "மன்னிச்சிருங்க அக்கா, சத்தியமா பாக்கல. பாகம் ஒண்ணும் அடிபடலயே? அப்படியே கட்டி இழுத்துட்டுப் போயிடறேன்."

அதிய்யாத் இறங்கி வந்து பானெட்டில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். படிந்திருந்த மணல் தூசியில் ஐந்து விரலும் பதிந்தன.

"யார் வண்டிய யார் இழுக்கறது? போய் ஒரு மம்பட்டி கொண்டாடா!"

வளைவுக்காரர்களும் சேர்ந்து மணலை வாரினார்கள், திட்டிக்கொண்டே. ஜைன்ஹும்தான் அதிகம் வாரினான். வண்டி வெளியே வந்ததும் சாவிக்காகக் கை நீட்டினேன்.

"அது என்கிட்டதான் இருக்கும். நீ அந்தப் பக்கம் போய் உக்காரு. முதல் கியர் எங்கிருக்குன்னு மட்டும் காட்டு. கத்தக் கூடாது."

உட்கார்ந்தேன். இரண்டு தரம் குலுங்கி நின்றது. மூன்றாம் தரம் கிளம்பிவிட்டது.

வளைவு தாண்டுவதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். "திருப்பு! திருப்பு!"