பாலைப்பழம் விழுந்த மாதம்

வெள்ளிக்கிழமை என் கணவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வதென்று முடிவாகியிருந்தது. புதன்கிழமை அவரிடமிருந்து கடிதம் வந்தது.

கடிதம் என்பதே பெரிய வார்த்தை. சிகரெட் பெட்டியைப் பிரித்த ஓர் அட்டைத் துண்டு. ஒரு பக்கத்தில் என் பெயரும் பாலையூற்று என்ற ஊரும். மறுபக்கத்தில் அவருடைய கையெழுத்தில், பென்சிலால், மூன்று வரி. திகதி இல்லை. ‘அன்புள்ள குணேஸ்வரிக்கு’ இல்லை. சுகமா என்று ஒரு சொல் இல்லை.

தகரக் கூரையில்
பாலைப்பழம் விழும் சத்தம்
எல்லோரும் நிமிர்ந்தோம்

கொண்டு வந்தவர் குறிஞ்சாக்கேணி அபூதாஹிர், மீன் வியாபாரி. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்தாராம்.

“எப்ப எழுதினதெண்டு கேட்டீங்களோ நானா?”

“கேட்டன் தங்கச்சி. அவருக்கும் தெரியா. அவருக்கு வேற ஒருத்தர் குடுத்ததாம். இதுக்கு மேல எனக்கு ஒண்டும் தெரியா.”

எனக்குத் தேவைப்பட்டதோ அந்தத் திகதி மட்டும்தான். தொண்ணூறாம் ஆண்டு ஆவணிக் கடைசியில் கப்பல்துறையில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, முகாமுக்குக் கொண்டுபோக ஆண்களை இறக்கினார்கள். மூதூர் லோஞ்சிப் படகுக்கு டிக்கட் எழுதும் என் கணவர் கனகசுந்தரமும் இறங்கினார். முன்வீட்டுப் பூரணியக்காவின் மகன் தம்பிராசாவும் இறங்கினான். அடுத்த தை மாதம் அந்த முகாமிலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதாகவும், போனவர்கள் திரும்பவில்லை என்றும் கதை வந்தது. பூரணியக்கா மாசியிலேயே மகனுக்குக் காரியம் செய்துவிட்டாள். நான் புரட்டாதி வரை இழுத்தடித்தேன். என் கணவரின் தமையன் சிவகுருநாதன் விடவில்லை. உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாமாம். ஐயருக்கும் சொல்லிவிட்டார்.

இந்த மூன்று வரி தைக்கு முன் எழுதியதா, பின் எழுதியதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் உயிரோடு இருக்கிற மனிசனை எப்படி எரிப்பது? செத்த மனிசனை எப்படி எரிக்காமல் விடுவது? அன்று பின்னேரம் தேத்தண்ணிக்கு உப்பைப் போட்டுக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

அலுமாரியைத் திறந்து அவருடைய கொப்பியை எடுத்தேன். ‘ஹைக்கூ: ஓர் அறிமுகம்.’ நூலகச் சஞ்சிகைக்கென்று எழுதினார். சண்டை தொடங்கியதும் சஞ்சிகை நின்றுபோனது. மூன்று வரிக் கவிதைக்குப் பதினொரு பக்க விளக்கம் எழுதிய ஆள் அவர். அப்போது நான் ஒரு பக்கமும் வாசித்ததில்லை. இப்போது சோதனைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி வாசித்தேன்.

ஜப்பான்காரருக்கு முதல் வரியில் ஐந்து ஒலி, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் ஐந்து. தமிழில் அந்தக் கணக்கு முக்கியமில்லை என்று எழுதியிருந்தார். பாட்டின் நடுவே ஓரிடத்தில் வெட்டு விழவேண்டும். இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கவலை என்றால் கவலை என்று சொல்லக்கூடாது. மிச்சத்தை வாசிக்கிறவர் நிரப்பிக்கொள்வார். நல்ல நியாயம்! இவர்கள் பாதி எழுதுவார்கள், மீதிக்கு நான் கிடந்து அழவேண்டும்.

ஐந்தாம் பக்கத்தில் என் கை நின்றது. ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்கவேண்டுமாம். தவளை என்றால் வசந்தம், நிலா என்றால் இலையுதிர்காலம். அப்படிச் சொற்களைத் தொகுத்துப் புத்தகமே வைத்திருக்கிறார்களாம். அதற்குக் கீழே எங்கள் ஊருக்கென்று ஒரு பட்டியல் தொடங்கியிருந்தார். ‘வாடைக்காற்று: மார்கழி. பாலைப்பழம்: ஆனி, ஆடி.’

விரல் விட்டு எண்ணினேன். பிடித்தது ஆவணிக் கடைசி. அப்போது பாலைப்பழம் முடிந்துவிட்டது. லொறி போனது தை. இடையில் ஒரு பழம்கூட விழாது. பழம் விழுந்ததைக் கேட்டாரென்றால் அது இந்த வருட ஆனியாகத்தான் இருக்கவேண்டும். லொறி போய் ஐந்து மாதத்துக்குப் பிறகு! எழும்பி நின்றேன். எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப இருந்தேன்.

ஆனால் எட்டாம் பக்கம் எல்லாவற்றையும் குழப்பியது. ஜப்பானில் கவிஞர்கள் கூடியிருந்து, ஒரு பருவச் சொல்லைக் கொடுத்து, அதை வைத்து எல்லோரும் எழுதுவதும் உண்டாம். பூ பூக்காத மாதத்திலும் பூவைப் பற்றி எழுதலாமாம். அப்படியென்றால் மார்கழியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தும் பாலைப்பழத்தை எழுதியிருக்கலாமே. அதுவும் எங்கள் குசினிக் கூரைக்கு மேலேயே பாலைமரம். வருடா வருடம் எங்கள் தகரத்தில்தானே அந்தப் பழம் விழுகிறது? வீட்டை நினைத்து எழுதினாரோ?

ஒன்று மட்டும் எனக்குச் சார்பாக இருந்தது. முன்பொருநாள் ‘கூரையெல்லாம் உறைபனி’ என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினார். “ஏன், துறையில ஆரும் ஐஸ் பெட்டியைக் கொட்டிப்போட்டினமோ?” என்று கேட்டேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. காலையில், “இனிக் கண்டதையும் கேட்டதையும் தவிர எழுதமாட்டன்” என்றார். என் வாய்க்கொழுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய உயிரை இழுத்து மீட்கவேண்டியிருந்தது.

வியாழன் காலை சிவகுருநாதன் வந்தார். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு தலையை ஆட்டினார்.

“பிள்ளை, இது இந்த வீட்டுக் கூரை. வீட்டு ஞாபகத்தில எழுதியிருக்கிறான். இதை வச்சுக்கொண்டு காரியத்தை நிப்பாட்ட ஏலாது.”

“இந்த வீட்டுக் கூரையோ, பெரியத்தான்?”

“ஓம். வேற எது?”

அந்த நேரத்தில்தான் மூன்றாவது வரி எனக்கு உறைத்தது. இரவு முழுக்கப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இந்த வீட்டில நானும் அவரும் ரெண்டே பேர். ரெண்டு பேரை ஆரும் எல்லோரும் எண்டு எழுதுவினமோ? அதோட இந்தச் சத்தத்துக்கு நாங்கள் ஒருநாளும் நிமிர்ந்ததில்லை. பழகிப்போன சத்தம். நிமிர்ந்தது வேற ஆக்கள், வேற கூரைக்குக் கீழ. பழம் விழுற காலத்தில.”

அவர் மூன்றாவது வரியைத் திரும்ப வாசித்தார். பிறகு, “ஐயரிட்டச் சொல்லிப்போட்டு வாறன்” என்று சைக்கிளை எடுத்தார். காரியத்தை நிறுத்தச் சொல்லப் போகிறார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சந்தோஷத்தில் அட்டையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே பூரணியக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றேன்.

எல்லோரும்.

சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. போய் அட்டையைக் கொடுத்தேன், கணக்கையும் சொன்னேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

“எல்லோரும் எண்டால் ஆர் ஆர், பிள்ளை?”

“தெரியாதக்கா.”

மூன்றாவது வரிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. நாலு பெயர் எழுதியிருக்கலாம். அந்த மனிசன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

பூரணியக்கா உள்ளே போனாள். தம்பிராசாவின் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். திரும்பவும் போட்டாள். பிறகு மறுபடி கழற்றி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.