ஒரு நேரத்தில் ஒரு வண்டி

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் மின்சார அலுவலகத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பில் போட்டவர். ஓய்வு பெற்றதும், வந்த பணத்தையும் என் அப்பா எனக்கு எழுதிவைத்த ரோட்டோர மனையையும் போட்டு, கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையம் ஒன்றைத் திறந்தார். திறப்பு நாளன்று போட்டோ நன்றாக விழவேண்டுமாம். இரண்டு சார்ஜர்களிலும் ஒரே நேரத்தில் இரண்டு கார்களை மாட்டிவிட்டு, நடுவில் நின்று பல்லைக் காட்டினார். அந்த ஒரு போட்டோ அந்த மாத வருமானத்தையே விழுங்கிவிட்டது.

எப்படி என்கிறீர்களா? எங்களுடையது மாதிரி பெரிய இணைப்புக்கு, எத்தனை யூனிட் ஓடியது என்று மட்டும் பார்க்கமாட்டார்கள். மாதத்திலேயே எந்த அரைமணியில் அதிகமாக இழுத்தோமோ, அந்த அரைமணியை வைத்து மாதம் முழுவதற்கும் தனியாக ஒரு கட்டணம் தீட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டினாலும் அதே கட்டணம்தான். இதை ஊராருக்கு முப்பது வருடம் விளக்கிய மனிதர், தன் கடை என்று வந்தபோது கோட்டை விட்டார். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

இரண்டாவது மாதமும் அதே கதை. டாக்சிக்காரர்கள் இருவர் அவசரப்படுத்தினார்களாம், இவருக்கு மனசு கேட்கவில்லையாம். பில் தொகையைக் கேள்விப்பட்டு என் அண்ணன் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்கு வியாபாரம் சரிப்படாதும்மா. இடத்தை டயர் குடோனுக்குக் குடு. ஆள் ரெடியா இருக்கான்."

"இன்னும் ஒரே மாசம்ணா. இதுவும் கையைக் கடிச்சா, ஒண்ணாம் தேதி கையெழுத்துப் போட்டுடறேன்."

கோபத்தில் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், இவர் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி சார்ஜரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பாவப்பட்டு என்ன பிரயோஜனம்? வாக்குக் கொடுத்தாயிற்று.

மூன்றாவது மாதம் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பழைய துண்டை இரண்டாவது சார்ஜரில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். முதல் சார்ஜர் பழுதானால் ஒழிய அதை யாரும் அவிழ்க்கக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வண்டி. காத்திருப்பவர்களுக்கு நிழல், நாற்காலி, காசு கொடுத்தால் டீ. அரைமணிக் கணக்கு ஒரு வண்டியைத் தாண்டாமல் இருந்தால், மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் நிற்கும். அதற்காக இருபத்தொன்பது நாள் தொண்டை கட்டக் கட்டச் சண்டை போட்டேன். டாக்சி ஓட்டுகிற ஒருவனுக்கு 'நூறு' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

"எண்பது சதவீதத்துக்கு மேல ஆமை மாதிரிதான் ஏறும். எடுப்பா, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"நூறைப் பாத்தாத்தான்க்கா எனக்குத் தூக்கமே வரும்!"

கடைசி நாள். ரீடிங் எடுப்பவர் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு நூறு வந்து வண்டியை மாட்டினான். நான் பின்பக்கம் டீ போடப் போனேன். பால் பொங்குகிற நேரம், வெளியே சார்ஜரின் மின்விசிறிச் சத்தம் திடீரென்று இரட்டித்தது. இரண்டு சார்ஜரும் ஓடினால்தான் அந்தச் சத்தம் வரும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

துண்டு தரையில் கிடந்தது. இரண்டாவது சார்ஜரில் என் அண்ணனின் புதுக் கார்!

"மச்சான் வந்திருக்கார், எப்படி நிக்க வைக்கறது..." என்று இழுத்தார் இவர்.

"உங்களையெல்லாம் வச்சுக்கிட்டு!" என்று கத்தியபடி, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். இரண்டு சார்ஜரும் அடங்கின. மணி நாலு பன்னிரண்டு.

"அக்கா, என் வண்டி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று நூறு குதித்தான்.

"இந்த அரைமணிக்கு ரெண்டு வண்டி இழுத்தது போதும், நாலரை வரைக்கும் எதுவும் ஓடாது. வாயை மூடிட்டு டீ குடி. காசு வேண்டாம்."

இவர் மெதுவாக விரல் விட்டு எண்ணினார். "கணக்குப்படி ஒரு வண்டி இன்னும் கொஞ்ச நேரம் ஓடலாம்..."

"உங்க கணக்கைத்தான் ரெண்டு மாசமாப் பாத்தேனே!"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. கையில் டயர்காரருக்காக நான் கையெழுத்துப் போடவேண்டிய ஒப்பந்தக் காகிதம். "சொந்தத் தங்கச்சி இடத்துல எனக்கே வரிசையா?"

"உங்களுக்கு முன்னாடி ஒரு வண்டி நிக்குதுண்ணா. அது முடிஞ்சாத்தான் நீங்க. அவசரம்னா வேற இடத்துல போட்டுக்குங்க."

அவர் போனை எடுத்து வேறு சார்ஜரைத் தேடினார். பக்கத்தில் இருப்பதே நாற்பது கிலோமீட்டர். அவர் காரில் மூன்று சதவீதம். போனைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஒப்பந்தக் காகிதத்தாலேயே விசிறிக்கொண்டார்.

நாலரைக்கு நூறின் வண்டியை மறுபடி ஓட விட்டேன். ஐந்தேகாலுக்கு அண்ணன் முறை வந்தது. ஆறு மணிக்கு ரீடிங் எடுப்பவர் வந்து மீட்டர் முன் குனிந்தார். அவர் எண்ணை வாசித்தார். இவர் அதை நோட்டில் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வண்டி அளவுதான். தாண்டல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா ஆத்திரமா, எனக்கே தெரியவில்லை. துண்டை உதறி, இந்தத் தடவை ஐந்து முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

அண்ணனின் கார் தொண்ணூற்றொன்றில் ஊர்ந்துகொண்டிருந்தது. எடுக்கச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் போனில் டயர்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா, அந்த இடம் கிடைக்காது. ஆமா, வாங்கித் தர்றேன்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கறேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா முறைக்கற? நூறு ஆகட்டும், எடுத்துடறேன்."