பெயர் வெட்டிய பேணி

படம் கண்காட்சிச் சுவரில் ஏறிய பிறகுதான் ராகவி அதைக் கண்டாள். யன்னலோரம் வைத்து அவள் படமெடுத்த சில்வர் பேணி, தேத்தண்ணி குடிக்கும் குவளை, கதவளவு பெரிதாகத் தொங்கியது. சின்னப் படத்தில் கீறல் போலக் கிடந்தவை இப்போது எழுத்துகளாகிப் பளிச்சென்று தெரிந்தன: க. சிவநாயகி.

சீதனப் பாத்திரத்தில் பெயர் வெட்டாத யாழ்ப்பாண வீடு ஏது? இந்தக் குளிர்நாட்டில், திராமன் நகரில், சிவநாயகி வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த பழைய பேணி அது. படிக்க வைப்பதாகக் கூட்டிவந்தவர்கள் கடவுச்சீட்டைப் பூட்டிவைத்துவிட்டு, சமையலையும் பிள்ளைகளையும் அவள் தலையில் கட்டினார்கள். போன வருடம், 2006 மாரிக் குளிரில், குப்பை போட வெளியே போனவள் அப்படியே பஸ் ஏறிவிட்டாள். தேத்தண்ணி குடித்த பேணியும் கையோடு வந்துவிட்டது.

அவளைப் போல மீண்டு வந்த பிள்ளைகளுக்கான புகைப்பட வகுப்பில் இரண்டே கட்டுப்பாடு: முகமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். ஆசிரியை மாரித்துக்குத் தமிழ் தெரியாது. புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளைப் பூவேலை என்று நினைத்து, அவை எடுப்பாகத் தெரியும்படி பெரிதாக்கியிருந்தாள், பாவம். ராகவி விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்து ஏணி எடுக்க ஓடினாள்.

"உன்ரை கதையை ஆரடி நம்புவினம்?" சிவநாயகி அடிக்கடி கேட்பாள். தமிழ் விழாக்களில் முதல் விளக்கு ஏற்றுபவள் அவள். அவளுக்குத் தெரிந்தால்? தேடி வந்தால்? ராகவி கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

ஏணிக்கு முந்தி ஒரு தமிழ்த் தம்பதி வந்துவிட்டது. தமிழர் நிறைந்த ஹொல்ம்லியாவில் வேறென்ன நடக்கும்.

"இஞ்சை பாருங்கோ! இது எங்கட சிவநாயகி அக்கான்ரை பேணியெல்லே?" மனைவி அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"சும்மா இரும். உலகத்திலை ஒரு சிவநாயகியே?"

"இல்லையப்பா, இது அவவின்ரை குசினியிலை தனியாக் கிடக்கிறது. ஒருக்கா தண்ணி குடிக்க எடுத்தனான். அது வேலை செய்யிற பிள்ளையின்ரை எண்டு பறிச்சு வைச்சவ." அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது. "அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்பிப் போட்டுது எண்டெல்லோ சொன்னவ..."

மாரித் ஏணியோடு வந்தாள். ராகவி தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, படத்தைக் கழற்ற விடாமல் ஏணியைப் பிடித்து நிறுத்தினாள். சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள். அவள் விரல் இன்னும் அந்தப் பெயரின் மேலேயே இருந்தது.